பொட்டு போன பேனல்

அத்தியாயம் 5

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல டூ வீலர் ஓட்டறவன் பொறுமைசாலியா இருக்கணும், இல்லன்னா இன்சூரன்ஸாவது கட்டியிருக்கணும். எனக்கு ரெண்டும் கெடையாது. முன்னாடி ஒரு லாரி, பின்னாடி ஒரு லாரி, வலது பக்கம் கடல், எடது பக்கம் பஞ்சராகி நிக்கிற இன்னொரு லாரி. பொழுது சாயறதுக்குள்ள ஒரு ஆளோட தலையெழுத்து முடிவாகப் போகுது, நாங்க இங்க புகையைக் குடிச்சிகினு நிக்கிறோம். நான் ஹாரனை அமுத்திகினே இருந்தேன்.

"ஹாரன் அடிச்சா லாரி பறந்துடுமாடா லூர்து?" பின் சீட்டுல இருந்து யசோக்கா கேட்டாங்க.

"லாரிக்காக அடிக்கலக்கா. கத்தி அழறதுக்குப் பதிலா அடிக்கிறேன்."

யசோக்கான்னா யசோதரா. கல்மண்டபத்துல மருந்துக்கடை மாடியில 'யசோதரா துப்பறியும் நிலையம்'னு போர்டு தொங்குதே, அந்த யசோதரா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுல பொறந்து வளர்ந்தவங்க. முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிஞ்ச குடோன், முழுகின படகு எல்லாம் பாத்து, எது நெசமான விபத்து, எது செஞ்ச விபத்துன்னு ரிப்போர்ட் குடுத்துகினு இருந்தாங்க. நான் அவங்க அசிஸ்டென்ட். பாக்ஸிங் ரிங்குல மூக்கு வளைஞ்சப்புறம் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மூக்கு வளைஞ்சாலும் மோப்பம் நேராத்தான் கீது.

அன்னிக்கு நாஸ்தாவுக்கு உக்காரும்போதே கலீலுல்லா பாய் மூச்சு வாங்க மாடி ஏறி வந்துட்டாரு. ராயபுரத்துல சோலார் லைட்டும் பேட்டரியும் விக்கிற கடை அவருது. அந்தக் கடையில மெக்கானிக்கா இருக்கற அறிவுங்கற பையனை முந்தின நாள் சாயங்காலம் போலீஸ் இட்டுகினு போயிடுச்சாம். புகார் குடுத்தவர் ரகுபதி. எர்ணாவூரைத் தாண்டி ஒரு குப்பத்துல சொந்தமா ஃபைபர் படகு வெச்சிருக்கறவரு. தன் வூட்டு மாடியில இருந்த சோலார் பேனலை ரிப்பேருன்னு கழட்டிகினு போன அறிவு, அதை எங்கயோ வித்துட்டு, எவனோ தூக்கிப் போட்ட பழைய பேனலைக் கொண்டாந்து மாட்டிட்டான், தான் வரைஞ்ச பொட்டு இதுல இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காரு.

ஒரு பேனலுக்கா இவ்ளோ பேஜாருன்னு நான் கேட்டேன். அப்பதான் பாய் விஷயத்தைச் சொன்னாரு. அறிவுக்கு அத்திப்பட்டு பவர் ஹவுஸ்ல வேலை கெடச்சிருக்கு. ஆர்டர் வந்தாச்சு. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. இப்ப திருட்டுக் கேஸுன்னு ஒண்ணு பதிவாச்சுன்னா அந்த வேலை போச்சு. எஸ்.ஐ. கொஞ்சம் மனுஷன். இன்னிக்கு டியூட்டி முடிஞ்சு வூட்டுக்குக் கெளம்பறதுக்குள்ள பேனல் வரணும், இல்லன்னா புகார் குடுத்தவர் வாபஸ் வாங்கணும், ரெண்டும் இல்லன்னா கேஸு எழுதிடுவேன்னு சொல்லிட்டாரு.

"என் ஆள் திருடன்னு தெரிஞ்சா நானே கையை முறுக்கிக் கொண்டாந்து உடறேன் யசோதராம்மா," பாய் கண்ணைத் தொடைச்சிகினாரு. "இல்லன்னா அந்தப் புள்ள வாயில மண்ணு விழக் கூடாது."

போற வழியில ஸ்டேஷன்ல எறங்கினோம். அறிவு பெஞ்சு ஓரத்துல உக்காந்திருந்தான். சட்டைப் பையில டெஸ்டர் இன்னும் குத்திகினு இருந்துச்சு. யசோக்கா என்னென்னவோ கேட்டாங்க. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்.

"அது அதே பேனல்தான்க்கா."

"அப்ப அதுல இருந்த பொட்டு எங்க போச்சு?"

அவன் தரையைப் பாத்தான். அதுக்கு மேல வாயைத் தொறக்கவே இல்ல. வெளிய வந்ததும் எனக்குப் பத்திகினு வந்துச்சு. நம்ப வியாசர்பாடிப் புள்ள, நாம காப்பாத்த ஓடி வந்தா, இவன் வாயில கொழுக்கட்டை வெச்சிகினு உக்காந்திருக்கான்.

யசோக்கா ஹெல்மெட்டை மாட்டினாங்க. "திருடனா இருந்தா இந்நேரம் நாலு கதை சொல்லியிருப்பான் லூர்து. இவன் ஒரே வரிய வெச்சிகினு ராத்திரி பூரா உக்காந்திருக்கான்."

"அப்ப நெசத்தைச் சொல்றான்றீங்களா?"

"பாதியைச் சொல்றான். மீதியை யாருக்காக முழுங்கறான்னுதான் தெரியல."

ஒருவழியா லாரிங்க நகர்ந்து நாங்க குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சியைத் தாண்டி ரொம்ப நேரமாச்சு. ரகுபதியை மொறைப்பான ஆளா இருப்பாருன்னு நெனச்சிகினு போனேன். அப்படி இல்ல. ஐம்பதைத் தொடற வயசு, வலது தோள் கொஞ்சம் எறங்கி நின்னுச்சு. போன மழைக்காலத்துல ஆத்து முகத்துவாரத்துல படகு கவுந்து தோள் எலும்பு ஒடைஞ்சதாம். எங்களுக்கு டீ வாங்கியாரச் சொல்லிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிச்சாரு. அவர் சம்சாரம் முத்தம்மா காசிமேட்டுல மீன் எடுத்து வித்துட்டு அப்பதான் திரும்பியிருந்தாங்க, வாசல்ல குந்தி அன்னக்கூடை கழுவிகினு இருந்தாங்க. எங்களை ஒரு தரம் நிமிர்ந்து பாத்துட்டுக் கூடையை இன்னும் வேகமாத் தேச்சாங்க.

மாடிக்கு இரும்பு ஏணிதான். அதுல ஏறிகினே ரகுபதி தன் கட்சியைச் சொன்னாரு. குப்பத்துலயே முதல் சோலார் அவர் போட்டதுதான். ஊரே சிரிச்சுச்சாம், சூரியனைப் புடிச்சி வூட்டுக்குள்ள கட்டப் போறியான்னு. ஆறு வருஷமாச்சு. ஆரம்பத்துல ரெண்டு லைட்டும் ஒரு சின்ன ஃபேனும் ராத்திரி பூரா ஓடும். இப்ப ஒரு லைட்டே மினுக்கு மினுக்குன்னு அழுவுது. பேட்டரி பழசாச்சோன்னு போன வருஷம் புதுசு மாத்தியும் அதே கதிதான்.

"பாய் விக்கும்போது இன்னா சொன்னாரு? இருவத்தஞ்சு வருஷம் ஆனாலும் அஞ்சுல ஒரு பங்குதான் கொறையும்னாரு. எனக்கு ஆறு வருஷத்துல பாதி காலி. அப்ப இது எம்மா வருஷத்துப் பிளேட்டு, நீயே கணக்குப் போடு."

நான் போட்டுப் பாத்தேன். அந்தக் கணக்குப்படி பாத்தா அது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பிளேட்டு. சொன்னேன். ரகுபதி சிரிச்சிட்டாரு. யசோக்கா சிரிக்கல. ஏன்னா பாயும் காலையில இதையேதான் சொல்லியிருந்தாரு. பேனல் மெதுவாத்தான் கெழடாகும், வருஷத்துக்கு நூத்துல ஒரு பங்கு கூடக் கொறையறது கஷ்டம், முதல்ல சாவறது எப்பவும் பேட்டரிதான்னு. உப்புக் காத்து ஒயரைத் தின்னும், தூசி வெளிச்சத்தை மறைக்கும், ஆனா ஆறு வருஷத்துல பாதின்னா அவருக்கே மனசு ஒரு மாதிரியா இருக்குன்னு.

பேனலைப் பாத்ததும் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. காத்துல எங்கெங்கேர்ந்தோ வர்ற சாம்பலும் கரித்தூசியும் ஒரு விரல்கடை ஏறிக் கெடந்துச்சு. அதுல விரலால 'லூர்து'ன்னு எழுதினேன், பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. பின்னாடி கம்பெனி ஸ்டிக்கர் உப்புக் காத்துல உரிஞ்சு போயி, நம்பரும் இல்ல ஒண்ணும் இல்ல. பேனலைத் தாங்கற இரும்பு ஸ்டாண்டுல ஒரு கால்ல மட்டும் சின்னதா ஒரு மஞ்சத்துணி முடிச்சு கட்டியிருந்துச்சு.

"இன்னாது நைனா, பேனலுக்குத் தாயத்தா?" ரகுபதியைக் கேட்டேன்.

அவருக்குத் தெரியல. ஏணியில பாதி ஏறி நின்னுகினு இருந்த முத்தம்மாதான் பதில் சொன்னாங்க. "வேண்டுதல்." சொல்லிட்டு மொகத்தைத் திருப்பிகினாங்க. காசு முடிஞ்சி வெச்சிருப்பாங்கன்னு நானும் உட்டுட்டேன்.

யசோக்கா பொட்டைப் பத்திக் கேட்டாங்க. ரகுபதி குரல் எறங்கிடுச்சு. ஆயுத பூஜைக்குப் படகு, எஞ்சின், வலை எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெக்கும்போது பேனலுக்கும் வெப்பாரு. மழை பெஞ்சா அது கரைஞ்சி போயிடும். மூணு வருஷத்துக்கு முன்னாடி சுனாமி வந்தப்ப அக்கம்பக்கத்துல எத்தினியோ படகு ஒடைஞ்சுச்சு, இவர் படகும் வூடும் தப்பிச்சுது. அது அம்மன் காப்பாத்தினதுன்னு, அழியாத எனாமல் பெயிண்டுல படகு மூக்குல ஒரு பொட்டு, பேனல் கண்ணாடி மேல ஒரு பொட்டு, ஒரே நாள்ல வரைஞ்சிருக்காரு. தோள் ஒடைஞ்சதுல இருந்து அவரால மாடி ஏற முடியல. போன வாரம்தான் கை தேறி ஏறிப் பாத்தாரு. பொட்டு இல்ல. அப்பவே தெரிஞ்சி போச்சாம், இது தன்னுது இல்லன்னு.

"கம்பெனிக்காரன் நம்பர் போடுவான், அது போயிடும். நான் போட்டது போவாது. இது என் பிளேட்டு இல்ல," மனுஷன் பேனலை விரல் நீட்டிக் காமிச்சாரு.

எனக்கு இருப்புக் கொள்ளல. வெயில் மண்டையைப் பொளக்குது, பக்கத்து மாடிங்கள்ல வேடிக்கை பாக்க ஆளு சேர்ந்துகினு இருக்கு, எஸ்.ஐ. எந்நேரமும் டிபன் கேரியரைத் தூக்கிடுவாரு. ரகுபதி சொல்றதுல ஒரு ஓட்டை கூட இல்ல. மாடிக்கு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். கால் சுட்டுச்சு. அப்படியே பேனல் மேல கையை ஊணி நின்னேன், அடுத்த நொடி அலறி அடிச்சிகினு கையை எடுத்தேன். உள்ளங்கை செவந்துடுச்சு.

"வெயில்ல கெடந்தா சுடாதா? இன்னாத்துக்கு ஊரைக் கூட்டற?"ன்னாங்க யசோக்கா.

"அந்தப் பக்கமும் கை வெச்சேன்கா, அது வெதுவெதுன்னுதான் கீது. இந்த ஒரு கட்டம்தான் தோசைக்கல்லு மாதிரி சுடுது."

பேனல்ல சின்னச் சின்னக் கட்டமா இருக்கும், பாத்திருப்பீங்க. யசோக்கா ஒவ்வொண்ணு மேலயும் புறங்கையை வெச்சு வெச்சுப் பாத்தாங்க. நான் சொன்ன கட்டத்துல மட்டும் வெடுக்குன்னு கையை எடுத்தாங்க. ஒரு கொடம் தண்ணி கேட்டாங்க. முத்தம்மா கொண்டாந்தாங்க. யசோக்கா கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சு, பழைய துணியில தூசியை எடுத்தாங்க. என் பேரும் சேர்ந்து போச்சு. பேனல் கருநீலமா மினுங்கிச்சு, அந்த ஒரு கட்டம் மட்டும் பழுப்பாக் கருகிக் கெடந்துச்சு.

"லூர்து, நேராப் பாக்காத. இப்படி சாஞ்சி பாரு."

சாஞ்சேன். பழுப்புக்கு நடுவுல வட்டமா ஒரு எடம் மட்டும் பழுப்பேறாம இருந்துச்சு. செவுத்துல ரொம்ப நாள் மாட்டியிருந்த படத்தை எடுத்தா அந்த எடம் மட்டும் வெளுப்பாத் தெரியுமே, அப்படி.

"அண்ணே, அந்தப் பொட்டை எதை வெச்சு வரைஞ்சீங்க? கையாலயா?"ன்னு ரகுபதியைக் கேட்டாங்க.

அவர் கொஞ்சம் பெருமையாவே சொன்னாரு. கல்யாணத்துக்கு வந்த பித்தளை டம்ளரைக் கவுத்து வெச்சு, சுத்திக் கோடு போட்டு, உள்ள பெயிண்ட் அடிச்சாரு. படகுக்கும் அதே டம்ளர்தான். அம்மன் பொட்டுக்கு அளவு எடுத்த டம்ளருன்னு அதுக்கப்புறம் வூட்ல யாரும் அதுல வாய் வெச்சுக் குடிக்கறதில்ல. சாமி மாடத்துல வெச்சிருக்காங்க.

அதை எடுத்தாரச் சொன்னாங்க யசோக்கா. முத்தம்மா கீழ போனாங்க. போனவங்க வரவே இல்ல. நான் ஏணிகிட்ட போய் எட்டி எட்டிப் பாத்தேன். ஒருவழியா வந்தாங்க. டம்ளரை நீட்டிட்டு ஏணிப் பக்கமே ஒதுங்கி நின்னாங்க. டம்ளர் விளிம்புல வெளிப்பக்கமா செவப்புப் பெயிண்ட் ஒரு கோடு இன்னும் ஒட்டிகினு இருந்துச்சு.

யசோக்கா டம்ளரைக் கவுத்து அந்த வட்டத்து மேல வெச்சாங்க. இம்மி பிசகல. அளவெடுத்துத் தெச்ச சட்டை கூட அப்படிப் பொருந்தாது.

"பொட்டு இருந்த எடத்துல வெயில் படல, அதனால பழுப்பேறல. அதைச் சுத்தி இருந்த எடம் கருகிடுச்சு. பெயிண்டை எடுத்துட்டாங்க, ஆனா உள்ள விழுந்த தழும்பை எடுக்க முடியல. இது உங்க பேனல்தாண்ணே. யாரும் மாத்தல."

ரகுபதி டம்ளரையும் பேனலையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. நான் மனசுக்குள்ள பாயாசம் கிண்ட ஆரம்பிச்சிட்டேன். கேஸு முடிஞ்சுச்சு, அறிவுக்கு வேலை, நமக்குப் பேரு. ரகுபதி மொகம் மாறினதை அப்பறம்தான் பாத்தேன்.

"அப்ப," மெதுவா ஆரம்பிச்சாரு, "பொட்டைச் சொரண்டிட்டான்."

தோளைப் புடிச்சிகினு ஏணிப் பக்கம் திரும்பினாரு.

"திருடியிருந்தாக் கூட உட்டுடுவேன். வயித்துக்கு இல்லாம திருடினான்னு உட்டுடுவேன். அம்மன் பொட்டுல கை வெச்சிருக்கான். அவன் பிளேட்டைக் கழட்டிகினு போன அந்த வாரம்தான் என் படகு கவுந்துச்சு. என் கூட வந்த ரெண்டு பேரும் செத்துப் பொழைச்சானுங்க."

கெணறு வெட்டப் போய் பூதம் கெளம்பின கதையாப் போச்சு. பக்கத்து மாடியில நின்னவங்க கீழ இருக்கறவங்களுக்குச் சேதி சொல்ல ஆரம்பிச்சாங்க. தெருவுல சத்தம் ஏறுச்சு. யாரோ ஒருத்தன் வண்டியை எடுங்கடா ஸ்டேஷனுக்குன்னான். நாங்க ஒரு ஆளைத் திருட்டுப் பட்டத்துல இருந்து இழுத்து, அதைவிடப் பெரிய நெருப்புல தள்ளிட்டோம். இப்பதான் எனக்கு அறிவு ஏன் வாயைத் தொறக்கலன்னு பாதி வெளங்குச்சு. வியாசர்பாடி பசங்க அம்மன் பொட்டைச் சொரண்டிட்டானுங்கன்னு பேச்சு கெளம்பினா, அது ஒரு பேனலோட நிக்காது. திருடன்னு பேரெடுக்கறதே தேவலைன்னு உக்காந்துட்டான் பாவி.

ரகுபதி ஏணியில காலை வெச்சிட்டாரு. யசோக்கா முன்னாடி போய் நின்னாங்க.

"ஒரு நிமிஷம்ணே."

"நீயும் வியாசர்பாடிதானே? பாய் சொன்னாரு. நீ அவனுக்குத்தான் பேசுவே."

"ஆமாண்ணே, வியாசர்பாடிதான். அதனாலதான் சாட்சியை உங்க வூட்டு மாடியிலயே தேடறேன்," யசோக்கா குரல் ஏறவே இல்ல. "கடைக்காரன் பெயிண்டை எப்படி எடுப்பான்? துணியில தின்னரை நனைச்சுத் தேச்சா அஞ்சு நிமிஷத்துல போயிடும். தேச்சிருந்தா பெயிண்ட் கரைஞ்சி ஓரத்து ரப்பர்ல செவப்பா எறங்கியிருக்கும். வந்து பாருங்க, கறையே இல்ல. சரி, கத்தியில சொரண்டியிருந்தா சில்லு செதறும். இந்த ஃப்ரேமு சந்துல மூணு வருஷத் தூசி கெடக்கு, அதுல ஒரு செவப்புத் துளி கெடையாது. யாரோ கத்தியால சொரண்டி, ஒரு பொடி கூடக் கீழ விழாம கையில ஏந்தியிருக்காங்க. அண்ணே, சாமியை மதிக்காதவனுக்கு எதுக்கு இத்தினி பயபக்தி?"

ரகுபதி ஏணியில இருந்து காலை எடுத்தாரு. அவருக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சிடுச்சு. என் கண்ணு நேரா ஸ்டாண்டு காலுக்குப் போச்சு. ஸ்டாண்டு பூரா சாம்பல் படிஞ்சிருக்கு, அந்த மஞ்சத்துணி மட்டும் பளிச்சுன்னு இருக்கு. யாரோ வாரா வாரம் ஏறி வந்து அதுக்குப் புதுசா மஞ்சள் தடவறாங்க. தோள் ஒடைஞ்ச ரகுபதி ஏறல. அறிவு வாரா வாரம் இந்தப் பக்கம் வர்றவன் இல்ல. நான் குனிஞ்சி முடிச்சை அவுக்கப் போனேன்.

யசோக்கா என் சட்டைக் காலரைப் புடிச்சு இழுத்தாங்க. அப்பறம் முத்தம்மா பக்கம் திரும்பினாங்க.

"அக்கா, அதை நாங்க அவுக்க மாட்டோம். அது உங்க முடிச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஸ்டேஷன்ல கேஸு எழுதிடுவாங்க. அந்தப் புள்ள கடைசி வரைக்கும் உங்க பேரைச் சொல்லாது. நாங்களும் சொல்ல மாட்டோம்."

நான் யசோக்காவைக் கோவமாப் பாத்தேன். கையில வெண்ணெய வெச்சிகினு இன்னா பேச்சு இது? அந்தம்மா வாயைத் தொறக்கலன்னா அறிவு கதி? முத்தம்மா அசையாம நின்னாங்க. கீழ ரெண்டு மூணு வண்டி ஸ்டார்ட் ஆவற சத்தம் கேட்டுச்சு. எனக்கு ஏணியை எட்டி ஒதைக்கலாம் போல இருந்துச்சு.

முத்தம்மா தரையில குந்தினாங்க. ஈரக் கையைப் பொடவையில தொடைச்சிகினு முடிச்சை அவுத்தாங்க. காசு இல்ல. செவப்பா, பொடிப் பொடியா, காஞ்ச எனாமல் பெயிண்டு.

"நான்தான் எடுத்தேன்," புருஷனைப் பாக்காமயே சொன்னாங்க. "விடியக்காலம் கூடை கட்டறதுக்கு லைட்டு பத்தல. அந்தப் புள்ளையக் கூப்ட்டுக் காமிச்சேன். கரைவலை இழுக்கும்போது கவுத்துல ஒருத்தன் சோந்து நின்னா, மத்தவன் எல்லாம் இன்னா இஸ்தாலும் வலை வருமாம்மான்னு கேட்டுச்சு. இந்தக் கட்டமெல்லாம் ஒரே கவுத்தைப் புடிச்சிகினு கீதாம். பொட்டுக்குக் கீழ இருக்கற கட்டத்துக்கு வெயில் சரியா எட்டல. மத்தது இழுக்கற பாரமெல்லாம் அது தலையில ஏறி, அது சூடாகிக் கருகுதுன்னுச்சு. அப்ப எடுத்துடுப்பான்னேன். மாட்டேன்னுடுச்சு. அது உங்க சாமிம்மா, நான் கை வெச்சா வேற கதையாயிடும்னு பின்னாடி இருந்த ஒயர் பெட்டி ரிப்பேருக்கு மட்டும் பிளேட்டைக் கழட்டிகினு போறேன்னுச்சு. அந்தப் புள்ள கழட்ட வர்றதுக்கு மொத நாள் நானே மீன் கத்தியால எடுத்தேன். மடியில ஏந்திகினேன். ஒரு துளி கீழ உடல."

துணியில இருந்த பொடியை உள்ளங்கையில கொட்டிகினாங்க.

"அந்த வாரமே படகு கவுந்துடுச்சு. உன்னைத் தோளு தொங்கத் தூக்கியாந்தாங்க. என் புருஷன் உசுரு போவப் பாத்தது என்னாலதான்னு எனக்குப் பைத்தியம் புடிக்காத கொறை. அந்தப் புள்ளகிட்ட கையெடுத்துக் கும்பிட்டேன், யார்கிட்டயும் சொல்லாதப்பான்னு. சரிம்மான்னுச்சு. நேத்து போலீஸு விசாரிக்க இங்க இட்டாந்துட்டுத் திரும்ப இட்டுகினு போவும்போது கூட என்னைத் திரும்பிப் பாக்கல. பாத்தா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு பாக்கல. நான் வாசல்ல நின்னு பாத்துகினே இருந்தேன்."

பொட்டுப் பொடியை உள்ளங்கையில வெச்சிகினு அழுதாங்க.

ரகுபதி அடிப்பாரோன்னு நான் கையை மடக்கிகினு தயாரா நின்னேன். மனுஷன் அப்படியே சுடற தரையில பொண்டாட்டிக்கு எதுக்க உக்காந்துட்டாரு. அந்தப் பொடியை விரலால தொட்டாரு.

"முத்து," சொன்னாரு, "படகு கவுந்தது பொட்டால இல்ல. முகத்துவாரத்துல அலை எழும்பிகினு இருந்துச்சு. கூட வந்தவனுங்க நிறுத்துண்ணேன்னானுங்க. முதல் ஆளா கரைக்குப் போவணும்னு நான்தான் உட்டேன். இத்தினி நாளா யாராண்டயும் சொல்லல. போன வாரம் பொட்டைக் காணோம்னு பாத்தேன் பாரு, அப்ப மனசுக்குள்ள ஒரு நிம்மதி. பழி போடறதுக்கு ஒரு ஆளு கெடச்சிட்டான்னு."

எழுந்தாரு. மாடிக் கைப்பிடிச் செவுத்துகிட்ட போய்க் கீழ பாத்து, வண்டியை எல்லாம் அணைங்கடா, இது என் வூட்டு விஷயம்னு ஒரு சத்தம் போட்டாரு. தெரு அடங்குச்சு. அப்பறம் யசோக்காவைப் பாத்து, லைட்டு பழையபடி எரியுமான்னு கேட்டாரு. அந்தக் கட்டம் கருகினது கருகினதுதாண்ணே, அது ஆறாது, பாய் வந்து பாத்துட்டு வேற வழி சொல்லுவாரு, இனிமே பொட்டை ஃப்ரேமுல வெச்சுக்கோங்கன்னாங்க யசோக்கா. சரின்னு தலையாட்டிகினே செருப்பைத் தேடினாரு.

ஸ்டேஷனுக்கு என் வண்டியில ரகுபதி ஏறிகினாரு. பின்னாடி ஷேர் ஆட்டோவுல யசோக்காவும் முத்தம்மாவும். வர்ற வழி பூரா மறுபடியும் லாரி. இந்தத் தரம் ஹாரன் அடிக்கச் சொன்னது ரகுபதி. நாங்க உள்ள நொழையும்போது எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மாட்டிட்டாரு, கேரியர் மேஜை மேல ரெடியா இருந்துச்சு, ரைட்டர் பேப்பரை விரிச்சு வெச்சிருந்தாரு. அறிவு அதே பெஞ்சு ஓரத்துல இருந்தான். ரகுபதியைப் பாத்ததும் எழுந்து நின்னான்.

"என்னய்யா, பேனல் கெடச்சுதா?"ன்னாரு எஸ்.ஐ.

"கெடச்சுது சார்."

"எங்க இருந்துச்சு?"

"என் வூட்டு மேலயே கீது சார். நான்தான் சரியாப் பாக்கல."

எஸ்.ஐ. எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்துட்டு, வாபஸ் எழுதி வாங்குய்யான்னு ரைட்டர்கிட்ட சொல்லிட்டுக் கேரியரைத் தூக்கிகினு கெளம்பினாரு. ரகுபதி கையெழுத்துப் போட்டாரு. போட்டுட்டு அறிவுகிட்ட போய் அவன் தோளைத் தொட்டுட்டு நின்னாரு.

முத்தம்மாவைக் காணோம். நான் வெளிய போய்ப் பாத்தேன். எதுக்க இருந்த டீக்கடையில நின்னுகினு இருந்தாங்க. கையில அந்தப் பித்தளை டம்ளர். பதட்டத்துல மாடியில இருந்து அப்படியே தூக்கியாந்திருக்காங்கன்னு நெனச்சேன். கடைக்காரர் கிளாஸ்ல ஊத்தப் போனாரு, வேணாம், இதுல ஊத்துன்னு நீட்டினாங்க.

டம்ளரோட உள்ள வந்து நேரா அறிவுகிட்ட போனாங்க. பொட்டு கதையோட டம்ளர் கதையையும் முத்தம்மா சொல்லியிருப்பாங்க போல, அவனுக்கு அது எந்த டம்ளருன்னு தெரியும், விளிம்புல செவப்புக் கோடு இருக்கே. ரெண்டு கையையும் பின்னாடி இழுத்துகினான்.

"இது சாமி டம்ளர்மா. நான் வெளிய போய் கிளாஸ்ல குடிச்சிக்கிறேன்."

"தெரியும். குடிப்பா."

அவன் ரகுபதியைப் பாத்தான். ரகுபதி குடின்னு தலையாட்டினாரு. அறிவு டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஊத்திக்கப் போனான்.

"வாய் வெச்சுக் குடி," முத்தம்மா சொன்னாங்க.

அவன் வாய் வெச்சுக் குடிச்சான். தமாஷா எதையாவது சொல்லலாம்னு நான் யசோக்கா பக்கம் திரும்பினேன். அவங்க ஜன்னல் வழியா ரோட்டுல போற லாரியைப் பாத்துகினு நின்னாங்க. நானும் போய்ப் பக்கத்துல நின்னேன்.